மண்ணுல ஈரம் இருக்கு, ஏத்தன் வாழை ஏன் வாடுது?

கேள்வி: மணக்குடி காயல் பக்கம் விளையில ஏத்தன் வச்சு மூணு மாசம் ஆகுது. போன வாரம் மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, 200 கிராம் யூரியாவும் அதே அளவு பொட்டாஷும் மூட்டோட ஒட்டி போட்டு கிணத்து தண்ணி விட்டேன். மண்ணு ஈரமாத்தான் இருக்கு, ஆனா இலை தொங்குது, ஓரம் கருகுது. இன்னும் தண்ணி விடவா?

பதில்: அண்ணாச்சி, அந்த கிணத்து தண்ணிய மட்டும் இப்போ விட்ராதீங்க. மாங்காய கீறி உப்பு தூவி வச்சா தண்ணி விட்டு துவண்டு போகும்லா, உங்க வேருக்கும் அதேதான் நடக்கு. வேர் செல்ல சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அதுல தண்ணி லேசா போகும் வரும், உப்பு அப்படி போகாது, அதனால கரைஞ்ச பொருள் கம்மியா உள்ள பக்கத்துல இருந்து கூடுதலா உள்ள பக்கத்துக்கு தண்ணி நகரும், சவ்வூடு பரவல்னு சொல்றது இததான். நல்ல தண்ணி பாய்ச்சுனா செல்லுக்குள்ள தண்ணி ஏறி விறைப்பா நிக்கும், செல்சுவர் இருக்கதால வெடிக்காது, இலை நிமிர்ந்து நிக்கதே அந்த விறைப்புலதான். கரைஞ்ச பொருள் ரெண்டு பக்கமும் சமமா இருந்தா விறைப்பு போயி தொய்ஞ்சிரும். வெளிய கூடிட்டா உள்ள இருக்க தண்ணியும் வெளிய வந்து, சவ்வு சுவர விட்டு விலகி செல் சுருங்கிரும். யூரியா, பொட்டாஷ் கரைஞ்சாலும் இதே வேலைதான் செய்யும், அதுக்கு மேல வெயில் காலத்துல காயல் ஓரத்து கிணத்துல உப்பும் ஏறுனா வேர் என்ன செய்யும்?

ஏத்தனுக்கு மொத்த பயிருக்குமே சிபாரிசு மூட்டுக்கு 150 கிராம் தழைச்சத்து, யூரியாவா சுமார் 325 கிராம். நீங்க அதுல பாதிக்கு மேல ஒரே நாள்ல கொடுத்துட்டீங்க.

இப்போ வடிகால வெட்டி விட்டுட்டு, சானல்லயோ குளத்துலயோ நல்ல தண்ணி கிடைச்சா ரெண்டு மூணு தடவ நிறைய விட்டு உப்ப கீழ இறக்குங்க, தண்ணி மட்டும் தேங்க விடாதீங்க. குருத்து நிமிர்ற வரை உரம் வேண்டாம். அப்புறம் தடவைக்கு 50 கிராம் யூரியா போதும், மூட்ட விட்டு ஒன்றரை அடி தள்ளி வட்டமா போட்டு மண்ணு மூடுங்க. கிணத்து தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டு ஈசி (தண்ணில உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு) பாத்துருங்க, அது 1 dS/m தாண்டுனாலே வாழைக்கு யோசிக்கணும். யாராவது ஜிப்சம் போட சொன்னா உடனே வாங்காதீங்க, அது சோடியம் கூடுன களர் மண்ணுக்கு உள்ளது, மண்ணு டெஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இவ்வளவும் செஞ்சும் தெளியலன்னா ஒரு மூட்ட கிழங்கோட வெட்டி பாருங்க, உள்ள செம்பழுப்பா கோடு ஓடுனா அது வாடல் நோய், அந்த விளை கன்ன எடுத்து வேற எங்கயும் நட்ராதீங்க.