மழைக்கு வாய்க்காலா மாறுற சைக்கிள் பாதை: பள்ளத்தை நிரப்பாதீங்க, தண்ணிய வெளிய விடுங்க

கேள்வி: அண்ணா, நாங்க பொம்மனஹள்ளி, பேகூர் பக்கம் இருக்குற பதினஞ்சு பேரு, பாதிப் பேரு ஓசூர், தர்மபுரிக்காரங்க. ஞாயித்துக்கிழமை காலையில கனகபுரா ரோடு பக்கம் ஒரு காட்டுப்பாதையில எம்டிபி, அதாவது மலைப்பாதையில ஓட்டுற மௌன்டன் பைக் சைக்கிள் ஓட்டுவோம். மேல்பாதி குன்றை ஒட்டி குறுக்கால போகும், கடைசி நாப்பது மீட்டர் நேரா கீழ எறங்கும். அந்த எறக்கம் இப்ப முழங்கால் ஆழத்துக்கு அறுத்துடுச்சு. போன மே மாசம் ஒரு நாள் பூரா கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினோம், ரெண்டு மழைக்கு மேல தாங்கல. திரும்ப ஒரு வேலை நாள் வைக்கப் போறோம். என்ன பண்ணணும், என்ன வாங்கணும்?

பதில்: தம்பி, முதல்ல அந்த நாப்பது மீட்டரை விட்டுடுங்க, அதுல கை வைக்காதீங்க. அங்க வந்து சேர்ற தண்ணி மேல்பாதியில இருந்து வருது, அதை மேலயே வெளிய அனுப்பாத வரைக்கும் கீழ எத்தனை லோடு மண்ணு கொட்டினாலும் அடுத்த மழை எடுத்துட்டுத் தான் போகும்.

நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கேன். பதினோரு வருஷம் முன்னாடி ஒரு பாதைக்கு கட்டட வேலையில மிஞ்சின செங்கல் துண்டும் ஜல்லியும் ரெண்டு டெம்போ கொண்டு வந்து கொட்டினோம். செப்டம்பர் மழையில அத்தனையும் அடிச்சுட்டுப் போயி கீழ இருந்த ஒரு பெரியவரோட ராகிக் கொல்லையில படிஞ்சுது. அவரு எங்களத் திட்டல, கையில ஒரு செங்கல் துண்டோட வந்து நின்னு, தண்ணி எங்க இருந்து வருதுன்னு ஒரு தடவையாவது மேல போயிப் பாத்தீங்களான்னு கேட்டாரு. நாங்க பாக்கல. அன்னிக்கு அவரு கேட்ட கேள்வியைத் தான் இன்னிக்கு வரைக்கும் எந்தப் பாதைக்குப் போனாலும் முதல்ல நான் கேட்டுக்குறேன்.

வேலைக்கு முன்னாடி அனுமதி. துரஹள்ளிக் காடோ அவலஹள்ளிக் காடோ, வனத்துறை இடம்னா அவங்க எழுதிக் குடுக்காம ஒரு மம்மட்டி மண்ணு கூட எடுக்கக் கூடாது, காப்புக்காட்டுல அனுமதி இல்லாம தோண்டுறது, செடி வெட்டுறது எல்லாம் 1963 கர்நாடக வனச் சட்டப்படி குத்தம். நல்ல எண்ணத்தோட தான் செஞ்சோம்னு அப்புறம் சொல்லி ஒண்ணும் ஆகாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா எல்லைக்குள்ள வருதுன்னா இந்த யோசனையையே விட்டுடுங்க. ரேஞ்ச் ஆபீஸுக்குக் கன்னடத்துல ஒரு பக்கம் லெட்டர் எழுதுங்க, எத்தனை பேரு, எந்த எடம், என்ன வேலை, மரம் எதுவும் வெட்ட மாட்டோம், சிமெண்ட் போட மாட்டோம்னு தெளிவா இருக்கட்டும், நாலு போட்டோவும் வச்சு நேர்ல போயிக் குடுங்க. அப்புறம் அந்தப் பாதையில மாடு ஓட்டிட்டுப் போறவங்க கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பாதை அவங்களுக்கும் தான், தண்ணி எங்க தேங்கும் எங்க ஓடும்னு அவங்களுக்கு நம்மள விட நல்லாத் தெரியும்.

அனுமதி வர்றதுக்குள்ள ஒரு காரியம் பண்ணலாம். ஒரு நாள் மழை பெய்யுறப்பவே, இடி மின்னல் இல்லாத நேரமாப் பாத்து, ரெண்டு பேரு குடையோட மேல்பாதியில நடந்து போங்க. சைக்கிள் வேண்டாம், ஈர மண்ணுல ஓட்டினா டயர் தடமே வாய்க்காலுக்கு முதல் கோடு போட்டுடும். எங்க தண்ணி பாதைக்குள்ள ஏறுது, எவ்வளவு தூரம் பாதையிலயே ஓடுது, எங்கயாவது தானா வெளிய போகுதான்னு பாத்து, போற எடத்துல எல்லாம் மரக்கிளையில ஒரு துணி கட்டிட்டு வாங்க. ஒரு மணி நேரம் இப்படி நனைஞ்சா பத்து நாள் பேசித் தெரியாதது தெரிஞ்சிடும்.

நீங்க என்ன பாப்பீங்கன்னு நானே சொல்றேன். சரிவுல குறுக்கால போற பாதை புதுசுல வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கும், மேட்டுல இருந்து வர்ற தண்ணி பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கிடும். நாளாக நாளாக டயரும் மாட்டுக் குளம்பும் நடுவுல அமுக்க அமுக்க மண்ணு ஓரத்துக்கு ஒதுங்கி, பள்ளத்துப் பக்கம் நாலு விரக்கடை உசரத்துக்கு ஒரு வரப்பு நின்னுடும், அதுல புல்லு முளைச்சு இறுகியும் போயிடும். வயல் பாத்த உங்க தர்மபுரி ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம், வரப்பு இருந்தா தண்ணி உள்ள தான் நிக்கும், சரிவா இருந்தா ஓடும், பாதை பூரா வாய்க்கால் ஆயிடும்.

அதனால முதல் வேலை வரப்பை எடுக்குறது. வேரோட செதுக்கி, பாதையை மறுபடி வெளிப்பக்கமா சாய்ச்சு விடணும், அஞ்சு சதவீத சாய்வு போதும், அதாவது ரெண்டடி அகலப் பாதைக்கு வெளி ஓரம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல தாழ்ந்திருக்கணும். ரெண்டடி ரீப்பர் கட்டையும் கொத்தனார் வச்சிருக்குற ரசமட்டமும் இருந்தா சின்னப் பையன் கூட அளந்துடுவான்.

ஆனா நம்ம செம்மண்ணு மறுபடி அமுங்கும், அதனால தண்ணி எறங்குறதுக்குன்னே சில எடத்தைச் செஞ்சு வைக்கணும், சரிவைப் பொறுத்து பத்து பதினஞ்சு மீட்டருக்கு ஒண்ணு. இங்க தான் நிறைய பேரு வழுக்குறாங்க. மடை திறக்குற மாதிரி ஓரத்துல ஒரு அடிக்கு வெட்டி விட்டா போதும்னு தோணும், அந்தக் குறுகலான வெட்டு ஒரே மழையில இலையும் சேறும் சேர்ந்து அடைஞ்சுக்கும், ஓட்டுறவங்களும் அந்தப் பள்ளத்துக்குப் பயந்து ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் பாதையை ரெண்டு மடங்கு அகலமாக்கிடுவாங்க. அகலமா, ஆழம் இல்லாம செய்யணும். பாதை நெடுக்க பத்தடி, வெளிப்பக்கம் திறந்த அரை நிலா மாதிரி, நடு எடத்துல மட்டும் வெளி ஓரம் மூணு மூணரை அங்குலம் தாழ்ந்து, ரெண்டு பக்கமும் மெதுவா ஏறி பாதையோட கலந்துடணும். ஓட்டுறவனுக்கு ஒரு சின்ன அலையில எறங்கி ஏறுன மாதிரி இருக்கும், அவ்வளவு தான். வெளிய போற தண்ணி எறங்க பாதையை விடத் தாழ்வான எடம் பக்கத்துல இருக்கணும், அது இல்லாத எடத்துல வெட்டினா குட்டை தான் கிடைக்கும். தோண்டின மண்ணைத் தூக்கி எறியாதீங்க, அரை நிலாவுக்குக் கீழ்ப்பக்கம் பாதை மேலயே நீளமா ஒரு தாழ்ந்த மேடாப் போட்டு திமிசுக்கட்டையால நல்லா இடிச்சு விடுங்க, எப்பவாவது தப்பி வர்ற தண்ணியை அது தடுத்துத் திருப்பும்.

சரியா வந்துச்சான்னு பாக்க இருபது லிட்டர் கேன்ல தண்ணி கொண்டு போங்க. ரெண்டு மீட்டர் மேல இருந்து கவுத்து விட்டா, சிவப்பு நுரையும் சருகும் முன்னாடி தள்ளிக்கிட்டு ஓடி வந்து, பள்ளத்து வாயில ஒரு நொடி தயங்கி, அப்படியே பக்கவாட்டுல திரும்பிப் புல்லுக்குள்ள எறங்கணும். தேங்கினா இன்னும் செதுக்கணும், திரும்பாம நேரா போனா மேட்டை உசத்தணும். புதுசா வந்தவங்களை கேன் ஊத்த விடுங்க, அதைக் கண்ணால பாத்தவங்க அடுத்த வேலை நாளுக்குக் கூப்பிடாமலே வருவாங்க.

இப்ப அந்த நாப்பது மீட்டருக்கு வரேன். நேரா கீழ எறங்குற பாதையில தண்ணியைத் திருப்ப வழியே கிடையாது, ஏன்னா ரெண்டு பக்கமும் தாழ்வு இல்ல, பாதை தான் அங்க தாழ்வு. 1988ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச இம்பாங்கிற மௌன்டன் பைக் சங்கம் பாதை போடுறதுக்கு ஒரு கணக்கு சொல்லும்: பாதையோட சரிவு மலைச்சரிவுல பாதிக்கு மேல போகக் கூடாது, மொத்தத்துல சராசரியாப் பத்து சதவீதத்துக்குள்ள வச்சா நல்லது. மலை இருபது சதவீதம் சரிஞ்சா பாதை பத்து தான். போன்ல லெவல் ஆப் வச்சு அளக்குறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, அது டிகிரில காட்டும், பத்து சதவீதம்னா கிட்டத்தட்ட ஆறு டிகிரி. உங்க எறக்கம் மலைச்சரிவு எவ்வளவோ அவ்வளவும் அப்படியே எறங்குது, அதைக் காப்பாத்த முடியாது. வளைச்சு வளைச்சு குறுக்கால ஒரு புதுப்பாதை வெட்டணும், அதுக்கு இன்னொரு அனுமதியும் ரெண்டு மூணு வேலை நாளும் ஆகும், அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் வாய்க்காலுக்குக் குறுக்கால அஞ்சாறு எடத்துல பெரிய கல்லை மண்ணுக்குள்ள பாதி பதிச்சு வரிசையா வைங்க, வண்டல் அதுல தங்கும். நுழையுற எடம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி காஞ்ச கிளைகளைப் போட்டு மூடிடுங்க. காய் இருக்குற உண்ணிச்செடியை மட்டும் இழுத்துப் போட்டுடாதீங்க, நீங்களே அதை நட்ட மாதிரி ஆயிடும்.

எப்ப வைக்கலாம்? மே மாசம் வேண்டாம். காஞ்ச செம்மண்ணுல கடப்பாரை எறங்காது, எறங்கினாலும் பொடி மண்ணு இடிச்சா ஒட்டாது. பெங்களூருக்கு வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா மழை, அதுல செப்டம்பர் அக்டோபர்ல தான் அதிகமாக் கொட்டும், அதுக்கு முன்னாடி ஜூலை ஆகஸ்ட்ல ரெண்டு நாள் மழை விட்ட ஞாயித்துக்கிழமையாப் பாருங்க. மண்ணை உருண்டை பிடிச்சா நிக்கணும், கையில ஒட்டக் கூடாது, அது தான் பதம்.

வாங்குறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மம்மட்டி ஆறு, கடப்பாரை ரெண்டு, பிக்காசு ரெண்டு, இரும்புப் பல்லு வச்ச ரேக் ரெண்டு, பாண்டு நாலு, திமிசுக்கட்டை ஒண்ணு. கனகபுரா ரோடு பக்கக் கடையில மம்மட்டின்னா புரியலன்னா கன்னடத்துல ‘சனிக்கெ’ன்னு கேளுங்க, கடப்பாரைக்கு ‘ஹாரெ’. எல்லாருக்கும் தோல் கையுறை, மூடின ஷூ. பதினஞ்சு பேரையும் ஒரே எடத்துல விட்டா ஒருத்தன் மம்மட்டி அடுத்தவன் காலுல தான் விழும், மூணு நாலு பேரா பிரிச்சு ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி நிக்க வைங்க. நாலு பேரு ஒரு அரை நிலாவை ஒழுங்கா முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிச்சா ஒரு நாளைக்கு ஆறு தாராளம். அதுக்கு மேல இழுத்தா வெயில்ல சோர்ந்து கடைசி வேலை அரைகுறையாப் போகும். தட்டே இட்லியும் காபியும் வேலை முடிஞ்சு இல்ல, எட்டரை மணிக்கே, பசியோட கடப்பாரை தூக்க வைக்காதீங்க.

கல்லைப் புரட்டுறப்ப கையை அடியில விடாதீங்க, கடப்பாரையால நெம்பி உங்க பக்கம் சாய்க்கணும், அப்ப தான் அடியில இருக்குற பாம்பு அந்தப் பக்கமா ஓடும். இங்க கண்ணாடி விரியன் உண்டு. கடிச்சா கட்டுப் போடுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் கூடாது, கையைக் காலை அசைக்க விடாம 108க்கு போன் போட்டு, விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்கு நேராப் போகணும். எந்த ஆஸ்பத்திரின்னு முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டு எழுதி வச்சுக்குங்க.

அப்புறம் ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் ரெண்டு பேரு ஒரு மம்மட்டியோட போயி அரை நிலா வாயில படிஞ்ச வண்டலை வழிச்சு விடுங்க, ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. தீபாவளி கழிஞ்சு மழை ஓஞ்சதும், மண்ணு காயுறதுக்குள்ள, வரப்பு மறுபடி எங்க எழும்பியிருக்குன்னு ஒரு தடவை முழுசா நடந்து பாருங்க.