டஸ்ட் டீயும் வர்க்கியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலை ருசி காட்டும் வேலை எனக்கு. ‘இலையை உருட்டிப் பதப்படுத்தும் ஆர்தடாக்ஸ் தேயிலையைப் பால், சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், அப்போதுதான் மணம் தெரியும்’ என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனால் டஸ்ட் தூளைப் பாலோடு கொதிக்கவிட்டு, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, எங்கள் ஊர் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியை முக்கிச் சாப்பிட்டால்தான் நிம்மதி. கூட வேலை பார்க்கிறவர் ஒருநாள் திடீரென்று வீட்டுக்கு வந்தார். தூள் டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிற ஆளா நான்?

பெயர் வேண்டாம்,
கோத்தகிரி.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த டப்பாவை எடுத்து அடுப்பு மேடையில் வையுங்கள்.

நீங்கள் வேலையில் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. மென்மையான இலைத் தேநீரில் பாலை ஊற்றினால் மணம் அமுங்கித்தான் போகும். டஸ்ட் சமாச்சாரம் வேறு. சி.டி.சி. முறையில் கொழுந்தை வெட்டி, கிழித்து, சுருட்டி, காயவைத்துச் சலிக்கும்போது மிகச் சிறியதாகப் பிரிவதுதான் அது. துகள் சிறிது என்பதால் வெந்நீரில் பட்டதும் நிறமும் திடமும் சட்டென்று இறங்கிவிடும், கூடவே துவர்ப்பும். பாலில் இருக்கும் புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்து அடக்குகிறது. ஆக, டஸ்டுக்குப் பால் சேர்ப்பது ருசி தெரிந்தவர் செய்கிற காரியம். காலையில் சொல்வதும் சாயங்காலம் குடிப்பதும் ஒரே அறிவிலிருந்து வருகிறவைதான்.

டஸ்ட் மட்டம் என்று யார் சொன்னது? 1963 முதல் நடக்கும் குன்னூர் ஏலத்தில் இலை ரகமும் டஸ்ட் ரகமும் தனித்தனியாக விலை போகின்றன. டஸ்டே முதல் விலை எடுத்த வாரங்களும் உண்டு. வர்க்கியையும் பாருங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தின வருடமும் அதே அடுக்கு மாவு, அதே விறகு அடுப்புதான். ருசி ஒரே நாளில் கூடிவிடவில்லை.

மலிவாகவும் எல்லோருக்கும் கிடைப்பதாகவும் இருப்பதை ரசித்தால் நம் தகுதி குறைந்துவிடும் என்று எப்படியோ நமக்குள் ஏறிவிட்டது. எனக்கு வரும் கடிதங்களில் இது அடிக்கடி தென்படுகிறது. மாத நாவலுக்கு அட்டை போட்டுப் பேருந்தில் படிக்கிறவர், கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்க்கிற பேராசிரியை என்று பலர். இவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒளித்து ரசிப்பதை யாரிடமும் பேச முடியாது. பேசாவிட்டால் அதில் நல்லது எது, சுமார் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும் வராது. மாத நாவலிலும் நன்றாக எழுதியது, அவசரத்தில் எழுதியது என்று உண்டே. டஸ்டிலும்தான்.

இன்னொன்று, ஒளித்துச் சாப்பிடுகிறவர் அவசரமாகச் சாப்பிடுவார். வர்க்கிக்கு அவசரம் ஆகாது. டீயில் முக்கியதும் ஓரத்து அடுக்குகள் ஊறத் தொடங்கும். நடுப்பகுதி இன்னும் மொறுமொறுவென்று இருக்கும்போதே வாயில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பாதி வர்க்கி டம்ளரின் அடியில் கிடக்கும். ஃபேக்டரியில் ஒரு மடக்கு தேநீரை நாக்கில் நிறுத்திப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தக் கவனத்தை வீட்டிலும் கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சர்க்கரையை மட்டும் தனியாக வைத்துப் பேச வேண்டும். மருத்துவர் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுங்கள். அது உடம்பு சம்பந்தப்பட்டது, மானம் சம்பந்தப்பட்டது இல்லை. அடுத்தவருக்கு உரியதைப் பறித்தாலோ, ஒருவரை ஏமாற்றினாலோ வெட்கப்படலாம். ஒரு டம்ளர் டீயில் யாருக்கு என்ன நஷ்டம்?

‘வீட்டில் நீங்கள் என்ன டீ குடிப்பீர்கள்?’ என்று சுற்றுலா வந்தவர் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எப்படிக் கொதிக்க வைப்பது, பால் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். அப்படியே, கோத்தகிரியில் எந்த பேக்கரி வர்க்கி நன்றாக இருக்கும் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது வாங்க வேண்டும்.

அன்புடன்.