பழைய கேஸ் இருக்கிறதே, இது இரண்டாவது குற்றமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 32 வயது. நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். ஆடி மாதம் நண்பர்களோடு காரைக்கால் போய்க் குடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது, பேரளம் பக்கத்தில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். சீட்டில் 74 என்று வந்தது. பைக்கையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு, சம்மன் வரும், கோர்ட்டுக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். குடித்து ஓட்டி மாட்டியது இதுதான் முதல் தடவை. ஆனால் 2017-ல் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை அடித்துவிட்டேன் என்று கேஸ் ஆகி, ஆயிரம் ரூபாய் கட்டி முடித்தேன். அன்றைக்கும் கொஞ்சம் போட்டிருந்தேன். பழைய கேஸ் இருப்பதால் இது இரண்டாவது குற்றமாகிவிடும், இரண்டு வருஷம் உள்ளே போக வேண்டியதுதான் என்று பயமுறுத்துகிறார்கள். அண்ணன்தான் வண்டி ஓட்டினார் என்று சொல்லிவிடு என்கிறார் ஒருவர். குவைத்தில் டிரைவர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். மனைவிக்கு எதுவும் தெரியாது. என்ன செய்யட்டும் அக்கா?
- பெயர் வேண்டாம், நன்னிலம் வட்டம்

பதில்: தம்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ அதை முதலில் பேசிவிடுவோம். இது இரண்டாவது குற்றம் ஆகாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில்தான் உங்கள் மீது வழக்கு வரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்களைப் பயமுறுத்துகிற அந்த இரண்டு வருஷமும் 15,000 ரூபாயும், குடித்து ஓட்டியதற்காகவே முன்பு தண்டனை வாங்கியவர் மறுபடி அதையே செய்தால் வருவது. பங்காளியை அடித்த கேஸ் வேறு சட்டம், வேறு குற்றம். அதை இதோடு சேர்த்து எண்ண முடியாது.

ஆனால் அந்தப் பழைய கேஸைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ‘ஆயிரம் ரூபாய் கட்டி முடித்தேன்’ என்கிறீர்கள். தம்பி, அது முடிந்தது உண்மை. ஆனால் தண்டனையாக முடிந்தது. நீதிபதி கேட்டபோது நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், அவர் குற்றவாளி என்று தீர்மானித்து அபராதம் போட்டார். ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் தண்டனையே இல்லை என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நான் ஜூனியராக இருந்த நாட்களில் கோர்ட் வராந்தாவில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பத்தரை மணிக்கு வரிசையாக நிற்பார்கள். நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்திருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், கேள்வி முடிவதற்குள் ‘ஆமாங்கய்யா’ என்பார்கள். வெளியே வந்ததும் ‘அப்பாடா, கேஸ் முடிஞ்சுது’ என்று டீக்கடைக்கு நடப்பார்கள். அந்த ஒரு ‘ஆமாங்கய்யா’வுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2017-ல் உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த முறை தெரிந்துகொண்டு போங்கள்.

பழைய தண்டனை இந்த வழக்கில் இரண்டு இடத்தில் குறுக்கே வரும். ஒன்று, எவ்வளவு தண்டனை என்று நீதிபதி யோசிக்கும்போது. சிறையா, அபராதமா என்பது அவர் கையில் இருக்கிறது. முன்பு தண்டனை வாங்கியவர் என்று தெரிந்தால் முகம் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். இன்னொன்று, 1958-ம் வருடத்து நன்னடத்தைச் சட்டம். சிறிய குற்றங்களில் கண்டித்து மட்டும் அனுப்பிவிட அதில் ஒரு வழி இருக்கிறது. முன்பு தண்டனை பெற்றவருக்கு அந்தக் கதவு மூடிவிடும். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கிற இன்னொரு பிரிவு அதே சட்டத்தில் உண்டு. அதற்குப் பழைய தண்டனை முழுத் தடை கிடையாது. ஆனால் நீதிபதி உங்கள் பழைய கதையையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். எனவே வக்கீலிடம் முதல் நாளே 2017 கேஸைச் சொல்லிவிடுங்கள். வழக்கு எண், தீர்ப்பு நகல் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். வக்கீல் அதை அரசுத் தரப்பு வாயிலாகக் கோர்ட்டில் முதல் முதலாகக் கேட்பது உங்களுக்கு நல்லதில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் போடலாம்.

ஊதிய சீட்டு கையில் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பஸ் டிக்கெட் போல அதுவும் நாளாக ஆக எழுத்து மங்கிப்போகும். தேதி, நேரம், எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 74 என்பது வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நீங்களும் குடித்ததை மறுக்கவில்லை. வழக்கை நடத்துவதா, ஒப்புக்கொள்வதா என்பதை வக்கீல் காகிதங்களைப் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், உண்மையை ஒப்புக்கொண்டு, குடும்ப நிலையையும் பிழைப்பையும் சொல்லி, தண்டனையைக் குறைத்துக் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது என்று எனக்குப் படுகிறது.

அண்ணனை மாட்டிவிடும் யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களை நிறுத்தியவரும் ஊதச் சொன்னவரும் போலீஸ். சீட்டு உங்கள் பெயரில். அண்ணன் கூண்டில் ஏறிப் பொய் சொன்னால், பொய்ச்சாட்சிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பயந்து அண்ணனை ஏழு வருஷத்துக்கு அடகு வைப்பீர்களா?

உங்களுக்கு உண்மையான அடி அபராதத்தில் இல்லை, லைசென்ஸில் இருக்கிறது. 185-ல் தண்டனை கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓட்டுநர் தகுதியை நிறுத்தி வைக்கும்படி சட்டம் கோர்ட்டுக்குச் சொல்கிறது. போலீஸ் வாங்கிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போகும். அங்கிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாமல் பதில் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்டுத்தான் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆவணியில் தகுதி நிறுத்தினால் மாசி வரை போகும். குறுவை அறுப்பும் போச்சு, சம்பா அறுப்பில் பாதிக்கு மேலும் போச்சு. அந்த நாட்களில் ‘பக்கத்து ஊர்தானே’ என்று மெஷினை ரோட்டில் எடுத்தீர்களோ, அது தனிக் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மெஷின் முதலாளியிடம் இப்போதே பேசி, அந்த ஆறு மாதத்துக்குக் களத்திலோ வரப்பிலோ வேறு வேலை இருக்குமா என்று கேட்டு வையுங்கள்.

குவைத் விஷயம். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் கோர்ட் அனுமதி வாங்க வேண்டிவரும். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் அதுவே பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். இதனால்தான் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடிப்பது உங்களுக்கு லாபம் இல்லை என்கிறேன். போலீஸ் சான்றிதழ் கேட்டால் இரண்டு கேஸும் தெரிய வரலாம். ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். கட்டிய பிறகு தெரிந்தால் பணம் திரும்பாது.

இனி சட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. ‘அன்றைக்கும் கொஞ்சம் போட்டிருந்தேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அப்படி நகர முடியவில்லை. உங்கள் மேல் இருக்கும் இரண்டு கேஸும் குடித்த நேரத்தில் வந்தவை. பேரளம் ரோடு எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். வாய்க்கால் வளைகிற இடத்திலெல்லாம் ரோடும் வளையும், கைப்பிடிச் சுவர் கிடையாது. அறுப்பு நாட்களில் பாதி ரோட்டில் நெல் காயும், சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காத விவசாயி, தார்ப்பாய் போர்த்திய குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருப்பார். அந்த நெல்லை அறுத்துக் கொடுத்தவர் நீங்களாகவே இருக்கலாம். 74-ல் வருகிற கண்ணுக்கு சாக்கும் ஆளும் ஒன்றுபோலத்தான் தெரியும். அன்றைக்குப் போலீஸ் கை காட்டி நிறுத்தியதை நினைத்து எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது, தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காரைக்கால் பக்கத்தில் இருக்கிறது, விலை குறைவு, சரி. போகும்போதும் பைக், வரும்போதும் பைக் என்பதுதான் பழக்கமாகிவிட்டது. (அங்கிருந்து பாட்டில் கொண்டுவரும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டத்தில் அதற்குத் தனியாக வழக்கு போடுவார்கள்.) குடியை விட முடியுமா என்று யோசிக்கிறீர்களோ இல்லையோ, ஒருமுறை டாக்டரிடம் பேசிப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். தினமும் குடிக்கிறவராக இருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கை நடுக்கம், வலிப்பு வரை போகும். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். சிகிச்சைக்குப் போகும் சீட்டை வக்கீலிடம் கொடுத்தால் கோர்ட்டிலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அப்புறம், மனைவி. சம்மன் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் காவலர் வந்து, ‘இது யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?’ என்று கேட்கும்போது வாசலில் நிற்பது அவர்தான். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். 2017-ஐயும் சேர்த்து.