சர்க்கிட் போர்டுக்கு வீட்டிலேயே இங்க்ஜெட் தலை: கேள்வி பதில்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் போர்டு தொழிற்சாலை வேலையிலேயே பல வருடம் கழித்தவன் நான். மையைத் துளித் துளியாகப் பீய்ச்சும் இங்க்ஜெட் தலையைச் சொந்தமாகச் செய்து, செம்புத் தகட்டில் மின்சாரம் ஓட வேண்டிய தடத்தை நேரடியாக மையால் அச்சடித்து, மை மூடாத செம்பை அரித்தெடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணா, பழைய கார்ட்ரிட்ஜில் ஆரம்பிக்கவா, பியசோ தலையே செய்யவா? (பட்டர்வொர்த் மாணவர்)

கார்ட்ரிட்ஜில் ஆரம்பியுங்கள் தம்பி. பியசோ தலை, அதாவது மின்சாரம் பட்டதும் வளையும் தகட்டால் மையைத் தள்ளுவது, அப்புறம். ஹெச்.பி. சி6602ஏ கார்ட்ரிட்ஜில் 12 துவாரம்தான். தலையும் அதோடு சேர்ந்தே வரும். ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு குட்டி ஹீட்டர். சில மைக்ரோ விநாடி மின்சாரம் கொடுத்தால் மையின் மெல்லிய படலம் கொதித்துக் குமிழியாகி, முன்னால் இருக்கும் மையைத் துளியாகத் தள்ளிவிடும். புரோகிராம் பாதியில் நின்று மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் அந்தத் துவாரம் போச்சு. அதனால் முதலில் கார்ட்ரிட்ஜ் இருக்கும் இடத்தில் ரெசிஸ்டரை மாட்டி, மின்துடிப்பை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்துவிடுங்கள்.

இந்தக் கார்ட்ரிட்ஜ் அச்சடிப்பது அங்குலத்துக்கு 96 புள்ளி, அதாவது புள்ளிக்குப் புள்ளி 0.26 மி.மீ. கால் இடைவெளி 2.54 மி.மீ. உள்ள ஐசிக்குத் தாராளம். அந்த இடைவெளி 0.5 மி.மீ.தான் உள்ள சிப்புக்கு ஆகாது.

மை செம்பில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரள்கிறதே ஐயா? (ஈப்போ)

இந்த வேலையில் உண்மையான சிரமமே இதுதான். தலையை யோசிப்பதற்கு முன்னால் மையைத் தீர்மானியுங்கள். ஹீட்டர் தலைக்குத் தண்ணீர் கலந்த மைதான் சரிப்படும். பியசோ தலை மையைக் கொதிக்க வைப்பதில்லை, பிதுக்குகிறது. அதனால் பிசின் கலந்த நிறமி மையும் ஓடும். எப்சன் பிரிண்டரை மாற்றியமைத்து போர்டு அச்சடிப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான். அச்சடித்த பிறகு சூடு காட்டினால் பிசின் இளகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த மையானாலும் தகடு சுத்தமாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக் கழுவி, சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சரி. எங்காவது விலகினால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. மறுபடியும் தேய்க்க வேண்டும்.

பஸ்ஸர் தகட்டில் பியசோ தலை செய்தேன். டிக் டிக் என்கிறது, துளி வரவில்லை. (கிள்ளான்)

உள்ளே காற்று இருக்கிறது தங்கச்சி. தகடு வளைவது கண்ணுக்கே தெரியாத அளவு. மை சுருங்காது, காற்று சுருங்கும். கடுகளவு குமிழி இருந்தாலும் அந்த அழுத்தத்தை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். மையை ஊசியில்லாத சிரிஞ்சில் பாதி எடுத்து, வாயை விரலால் அடைத்து, பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். கரைந்திருக்கும் காற்று குமிழியாக மேலே வரும். அதை வெளியேற்றிவிட்டு, நாலைந்து தடவை இப்படியே செய்து, அப்புறம் மெதுவாக நிரப்புங்கள்.

மை டப்பா துவாரத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். என் முதல் தலையில் டப்பாவை மேலே வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் மேசை முழுக்க மை.

செம்பை அரித்த பெர்ரிக் குளோரைடு கரைசலைச் சிங்க்கில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அதில் கரைந்த செம்பு ஆற்று மீனுக்கு விஷம். எவர்சில்வர் சிங்க்கும் அரித்துப் போகும். பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பாகங்கள் எங்கே வாங்குவது?

கோலாலம்பூர் போனால் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்.

துளி ஒழுங்காக விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?

துடிப்பு போன சிறிது நேரத்தில் ஒரு எல்.ஈ.டி.யை ஒரு மைக்ரோ விநாடி மின்ன வையுங்கள், ஒவ்வொரு துளிக்கும் அதே இடைவெளியில். யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துளி அந்தரத்தில் அப்படியே நிற்பது போலத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெரிய துளிக்குப் பின்னால் பொடித் துளிகள் வால் போல வந்தால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறையுங்கள். அந்தப் பொடிகள்தான் இரண்டு தடத்துக்கு நடுவில் விழுந்து ஷார்ட் ஆக்குபவை.