'உங்கள் சந்தை எது?' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

வீட்டிலிருந்தே துணிப்பை தைத்து விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொழில் கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்கிறார்கள். அதில் 'உங்கள் சந்தை எது', 'சந்தையின் வகை', 'சந்தையின் அளவு' என்று மூன்று கட்டங்கள். சந்தை என்றால் பொருள் விற்கிற இடம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் பங்குச் சந்தை, தொழிலாளர் சந்தை, நிறைவுப் போட்டி என்று போய்க்கொண்டே இருக்கிறது. இதில் நான் எதை எழுத?"

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான், ஏனென்றால் ஒரே சொல்லை நாம் நாலைந்து வேலைக்கு வைத்திருக்கிறோம். "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றால் இடம். "இன்னைக்கு மார்க்கெட் இறங்கிடுச்சு" என்றால் பங்கு விலைகளின் போக்கு. "இந்த மாடலுக்கு மார்க்கெட் இல்லை" என்றால் வாங்க ஆள் இல்லை என்று அர்த்தம், "மார்க்கெட்ல போட்டி அதிகம்" என்றால் பேச்சு விற்பவர்களைப் பற்றி. பேசும்போது சிக்கலே இல்லாமல் புரிந்துவிடுகிறது. படிவத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம், காரணம் உங்கள் மூன்று கட்டங்களும் அந்தச் சொல்லை மூன்று வெவ்வேறு அர்த்தத்தில் பயன்படுத்துகின்றன. முதலாவது, யார் வாங்குவார்கள், வேறு எதை விட்டுவிட்டு உங்களிடம் வருவார்கள் என்று கேட்கிறது. இரண்டாவது, உங்களைப் போல விற்பவர்கள் எத்தனை பேர், விலையில் உங்கள் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று கேட்கிறது. மூன்றாவது கேட்பது வெறும் அளவு.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பொருளியலில் சந்தைக்கு இடம் கட்டாயம் இல்லை என்பதை 1838-லேயே கூர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வாங்குபவரும் விற்பவரும் தடையில்லாமல் தொடர்பு கொண்டு, அதனால் ஒரு பொருளின் விலை எளிதாகவும் விரைவாகவும் ஒரே மட்டத்துக்கு வருகிற முழுப் பரப்பும் ஒரு சந்தை என்பது அவர் கருத்து. எளிதாகச் சொன்னால், ஓரிடத்தில் விலை அசைந்தால் இன்னோர் இடத்திலும் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் இரண்டும் ஒரே சந்தை, நடுவில் கடலே இருந்தாலும் சரி. அசையவில்லை என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருவாக இருந்தாலும் அவை வேறு வேறு சந்தைகள்.

அப்படியானால் உங்கள் பையின் சந்தை துணிப்பை மட்டுமா, எல்லாப் பைகளுமா? இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செல்லோபேன் என்ற கண்ணாடித்தாளை அந்த நாட்டில் தயாரித்து வந்த டூபான்ட் நிறுவனம் முற்றுரிமை, அதாவது போட்டியே இல்லாமல் சந்தை முழுவதையும் கையில் வைத்திருக்கும் நிலை, வைத்திருக்கிறது என்று அரசு வழக்குப் போட்டது. விற்ற செல்லோபேனில் ஏறத்தாழ 75% அந்த நிறுவனத்துடையது. ஆனால் மெழுகுத்தாள், அலுமினியத் தாள் என்று சுற்றிக் கட்டுகிற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செல்லோபேனுக்கே 20 சதவீதம்கூட வரவில்லை. 1956-ல் நீதிமன்றம் இந்தப் பெரிய எல்லையை ஏற்றுக்கொண்டு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விலையை ஏற்கெனவே உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் மோசமான மாற்றுப் பொருளும் நல்ல மாற்றாகத் தெரியும், அதனால் அந்தக் கணக்கே தப்பு என்று பொருளியலாளர்கள் பிற்பாடு கடுமையாக விமர்சித்தார்கள், எனக்கும் அந்த விமர்சனம்தான் சரியாகப் படுகிறது. எப்படியானாலும், எல்லையை எங்கே கிழிக்கிறோம் என்பதை வைத்து அதே நிறுவனம் பெரியதாகவும் சின்னதாகவும் தெரிந்தது பாருங்கள்.

போட்டிச் சட்டத்தில் இதற்கு வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பொருளை விற்கிற எல்லோரும் சேர்ந்து விலையை 5 முதல் 10 சதவீதம் ஏற்றினால், வாங்குபவர்கள் வேறு எதற்குத் தாவுவார்கள்? ஏற்றியது கட்டுப்படியாகாத அளவுக்கு ஆட்கள் எதற்குத் தாவுகிறார்களோ, அதையும் சந்தைக்குள் சேர்க்க வேண்டும். நீங்கள் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். இதுவரை வாங்கியவர்களில் இருபது பேரிடம் "என் பை கிடைக்காமல் இருந்திருந்தால் எதை வாங்கியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் "சணல் பை" என்றால் சணல் பையும் உங்கள் சந்தைதான். "எதுவும் வாங்கியிருக்க மாட்டேன், அழகாக இருந்ததால் பரிசாகக் கொடுக்க எடுத்தேன்" என்று பலர் சொன்னால், நீங்கள் நிற்பது பரிசுப் பொருள் சந்தையில், உங்களுக்குப் போட்டி பையே இல்லை. இது தெரிந்தால் விளம்பரம், தைக்கும் அளவு, அட்டைப்பெட்டி வரைக்கும் எல்லாமே மாறும்.

சரி, இரண்டாவது கட்டம். வகை என்றதும் தேடலில் வந்து விழுவது எல்லாம் உங்களுக்கு வேண்டியதில்லை. தொழிலாளர் சந்தை என்பது உழைப்புக்கும் கூலிக்குமானது, நீங்கள் உதவிக்கு ஆள் வைக்கும்போது அதில் வாங்குபவராக நுழைகிறீர்கள். பங்குச் சந்தையில் முதல்நிலை, இரண்டாம் நிலை என்று உண்டு. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிட்டால் பணம் நிறுவனத்துக்கு வரும், அப்புறம் அந்தப் பங்கு எத்தனை கை மாறினாலும் நிறுவனத்துக்கு ஒன்றும் வராது. பின்னால் ஒரு நாளில் கொடுக்கப்போகும் பொருளுக்கு இன்றே விலை பேசுகிற முன்பேர ஒப்பந்தச் சந்தையும் நினைப்பதைவிடப் பழையது, ஜப்பானின் ஓசாகாவில் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-லேயே அரசு ஒப்புதல் கிடைத்துவிட்டது. படிக்கச் சுவையான விஷயங்கள், ஆனால் படிவம் கேட்பது போட்டியின் அமைப்பை.

அதில் பாடப்புத்தகங்கள் நான்கு வகை சொல்கின்றன, அங்கே சந்தையை அங்காடி என்றும் எழுதியிருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் பொருளை விற்று, விலையை யாராலும் தனியாக அசைக்க முடியாது என்றால் நிறைவுப் போட்டி. விற்பவர் ஒருவரே என்றால் முற்றுரிமை. ஒரு சில பெரியவர்கள் மட்டும், ஒருவர் செய்வதை மற்றவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் சில்லோர் முற்றுரிமை. நீங்கள் இருப்பது நான்காவதில், முற்றுரிமைப் போட்டி. பெயரைக் கேட்டால் முரண்பாடாகத் தெரியும். விற்பவர்கள் ஏராளம், புதிதாக யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் ஒவ்வொருவர் பொருளும் கொஞ்சம் வித்தியாசம். உங்கள் கைவேலை உங்களிடம் மட்டும்தான் கிடைக்கும், அந்த அளவுக்கு நீங்கள் ஒரு சின்ன முற்றுரிமையாளர். விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் எல்லா வாடிக்கையாளரும் ஓடிவிட மாட்டார்கள். நன்றாக விற்கிற வடிவத்தைப் பார்த்து நாலு பேர் தைக்கத் தொடங்குவார்கள், லாபம் மெலியும். அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் 1933-ல் இந்த வகைக்கு விளக்கம் எழுதினார், உலகில் சின்னத் தொழில்களில் பெரும்பாலானவை இதில்தான் அடங்கும் என்பது என் கருத்து. ஆகவே வகையின் பெயரை எழுதி நிறுத்திவிடாமல், உங்கள் பை எதில் வேறுபடுகிறது, அதை மற்றவர் பார்த்துச் செய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று இரண்டு வரி சேருங்கள்.

மூன்றாவது கட்டத்தில் தயவுசெய்து ஊர் மக்கள்தொகையை எழுதாதீர்கள். நான் பார்த்த அறிக்கைகளில் "பை எல்லோருக்கும் தேவை, எனவே எல்லோரும் என் வாடிக்கையாளர்கள்" என்ற வரி அடிக்கடி வரும், அதைப் படித்ததுமே மற்ற எண்களின் மேல் நம்பிக்கை போய்விடும். தேவை என்பது பொருளியலில் வெறும் ஆசை அல்ல, வாங்கும் விருப்பமும் கையில் பணமும் சேர்ந்தது. முதல் கட்டத்தில் கிழித்த எல்லைக்குள் எத்தனை பேர், அவர்கள் ஆண்டுக்கு எத்தனை பை வாங்குகிறார்கள், அதில் எத்தனை பேரை உங்களால் உண்மையாகவே எட்ட முடியும், மாதம் எத்தனை தைக்க முடியும் என்று கீழிருந்து கூட்டி வாருங்கள். சின்ன எண் வந்தால் வெட்கப்பட வேண்டாம். கணக்கோடு வந்த சின்ன எண்ணைக் கடன் கொடுப்பவர் சரிபார்க்க முடியும்.

இன்னொன்று, படிவம் இதைக் கேட்காது, ஆனால் நான் கேட்பேன். தைப்பதில் பெரும்பகுதி ஒரே கடைக்கோ ஒரே இணையத்தளத்துக்கோ போகிறதா? அப்படியானால் நீங்கள் வாங்குவோர் முற்றுரிமைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வெளியே ஆயிரம் பேர் அந்தப் பையை வாங்கினாலும் உங்கள் வரைக்கும் வாங்குபவர் ஒருவர்தான், விலையும் பணம் தரும் நாளும் அவர் சொல்வதுதான். கடன் வாங்குவதற்கு முன்பே விற்பனையில் ஒரு பங்கையாவது வேறு வழிக்குத் திருப்பப் பாருங்கள், ஏனென்றால் அந்த ஒருவர் ஒரு மாதம் வாங்காமல் விட்டாலும் தவணை தேதி மாறாது.