தூண்டில் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் நின்று தூண்டில் போடுவோருக்கு இந்தத் தடை பொருந்தாது என்றாலும், படகில் போய் வருகிறவர்கள் தூண்டில் நரம்பு சுற்றும் ரீலைக் கழற்றிப் பார்க்கும் காலம் இதுதான் என்பது இம்முறை வந்த கடிதங்களிலேயே தெரிகிறது.

4000 அளவு ஸ்பின்னிங் ரீல் வாங்கி 8 மாதம் ஆகிறது. வாரம் இரண்டு முறை கடற்கரையில் வீசுகிறேன். வீட்டுக்கு வந்ததும் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவித்தான் வைக்கிறேன். இப்போது சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. நரம்பும் முறுக்கேறிச் சுருள் சுருளாக விழுகிறது. ரீல் போய்விட்டதா, ஐயா?
– வாசகர், தூத்துக்குடி

ரீல் போகவில்லை, நரம்பு உருளை நின்றுபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். நரம்பை வழிநடத்தும் வளைந்த பெய்ல் கம்பியின் ஒரு முனையில், நரம்பு மடங்கி, அது சுற்றப்படும் ஸ்பூலை நோக்கித் திரும்பும் இடத்தில் இருக்கிறதே, அந்தச் சிறிய உருளையைச் சொல்கிறேன். கடல் நீரில் நனைந்த நரம்பு முழுவதும் அதன்மேல் உரசிக்கொண்டுதான் உள்ளே வருகிறது என்பதால், பெரும்பாலும் ரீலின் மற்றப் பாகங்களுக்கு முன்னால் உப்பு பிடிப்பது அதற்குத்தான். மார்க்கர் பேனாவால் உருளையின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். பெய்ல் கம்பியை மூடி, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியான டிராக்கைத் தளர்த்தி, நரம்பைக் கையால் மெல்ல இழுங்கள். புள்ளி சுற்றி வந்தால் உருளைக்குக் குறையில்லை. புள்ளி வைத்த இடத்திலேயே நிற்க, நரம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் உங்கள் முறுக்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சத்தத்தையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். சும்மா சுற்றும்போது சத்தமில்லை, நரம்பில் பாரம் ஏறினால் மட்டும் வருகிறது என்றால் முதலில் உருளையைச் சந்தேகியுங்கள். பாரமே இல்லாதபோதும் விரலில் கரகரப்புத் தட்டினால், பெரிய கியரின் இருபுறமும் உள்ள பேரிங்குகள் வரை உப்பு இறங்கியிருக்கிறது. அதற்கு ரீலைத் திறந்துதான் ஆக வேண்டும். உருளைக்கு அவ்வளவு வேலையில்லை. ஒரு திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும். வாஷர்கள் இருந்த வரிசையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, உருளைக்குள் இருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதான பேரிங்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து அதே அளவில் வேறொன்று வாங்கிப் போடலாம்.

ரீலையே திறப்பதானால் ஓர் எச்சரிக்கை. நான் முதன்முதலில் திறந்தபோது கடுகளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழுந்து, பாயைச் சுருட்டி, டார்ச் அடித்து, நள்ளிரவு வரை தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கீழே வெள்ளைத் துண்டை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வருகிறேன். அந்தத் தட்டு இனி அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது.

இனி, கழுவும் விஷயம். தவறு கழுவியதில் இல்லை, குழாயை முழுதாகத் திறந்ததில் இருக்கிறது. வேகமாகப் பாயும் நீர் மேலே படிந்த உப்பைக் கரைத்து இடுக்குகள் வழியே உள்ளே தள்ளிவிடுவதோடு, உள்ளிருக்கும் கிரீஸையும் அரித்துக்கொண்டு போகிறது. வாளியில் முக்கி வைப்பது அதைவிடக் கெடுதல். வெயிலில் காய்ந்த ரீல் குளிர்ந்த நீருக்குள் போனதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளிநீரை உறிஞ்சிக்கொள்ளும். டிராக் குமிழை இறுக்கி மூடிவிட்டு, பூவாளியில் விழுவது போல மெல்லிய நீரை அரை நிமிடம் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மறக்காமல் டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர விடுங்கள். இதை அன்றிரவே செய்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே பல வீடுகளில் உப்பாக இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நீரில் கழுவி என்ன பயன்? குடிக்கிற நீரில் ஒரு செம்பு செலவழித்தால் போதும்.

ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்; இறுகிய துருவை இளக்க உதவும் ஸ்பிரேயோ நல்ல கிரீஸையும் சேர்த்துக் கரைத்துவிடும். பேரிங், நரம்பு உருளை, கைப்பிடிக் குமிழ் ஆகியவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்; கியர்ப் பற்களுக்கு மட்டும் கிரீஸ். ஓரிடத்தில் கிரீஸ் படவே கூடாது: கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங். அதன் சிறு உருளைகள் கிரீஸில் வழுக்கத் தொடங்கினால், மீன் இழுக்கும்போது கைப்பிடி திடீரென்று பின்வாங்கி உங்கள் விரலைப் பதம் பார்க்கும்.

பழவேற்காட்டில் 4 கிலோ தேறும் கொடுவா ஒன்று மாட்டியது. 10 கிலோ தாங்கும் நைலான் நரம்பு. ரீலில் அதிகபட்ச டிராக் 11 கிலோ என்று போட்டிருக்கிறது. முழுவதும் இறுக்கித்தான் வைத்திருந்தேன். ஒரே துள்ளலில் அறுந்துவிட்டது. 4 கிலோ மீன் 10 கிலோ நரம்பை எப்படி அறுக்கும்?
– வாசகர், சென்னை

டிராக்கை முழுவதும் இறுக்கியதால் அறுத்தது. தராசில் தொங்கும் 4 கிலோ வேறு, தலையை உதறிக்கொண்டு நீருக்கு மேலே எழும்பும் 4 கிலோ வேறு. அந்த உதறலை வாங்கிக்கொண்டு நரம்பை விட்டுக்கொடுப்பதற்காகவே டிராக் இருக்கிறது. உங்கள் ரீலில் அது 11 கிலோவுக்குப் பிறகுதான் விட்டுக்கொடுக்கும், நரம்போ 10 கிலோவிலேயே போய்விடும். முடிச்சு விழுந்த இடத்தில் அதற்கும் முன்பே போகும்.

நரம்பு தாங்கும் அளவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். உங்களுக்கு அது ஏறத்தாழ இரண்டரை முதல் 3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பின் நுனியில் மாட்டி, கம்பை 45 பாகை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். 3 கிலோ என்பது சிறியதாகத் தோன்றினால், 3 கிலோ அரிசிப் பையை 7 அடிக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கிப் பாருங்கள். ரீலில் அச்சிட்ட 11 கிலோவை உங்கள் முழங்கையால் தாங்க முடியுமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அந்த எண் பெரும்பாலும் கடைக்காரருக்கும் விளம்பரத்துக்கும்தான் பயன்படுகிறது.

இன்னொன்று: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட, குமிழை நீங்கள் தொடாமலேயே டிராக் இறுகும். ஸ்பூலில் நரம்பு நிறைந்து 6 சென்டிமீட்டர் விட்டம் இருந்தபோது 3 கிலோவில் சுழன்றது, நரம்பு குறைந்து 4 சென்டிமீட்டர் ஆகும்போது நாலரை கிலோ இழுவை இருந்தால்தான் சுழலும். ஆகவே, மீன் தொலைவுக்குப் போனால் குமிழை இறுக்குவது நம் கை செய்யும் வேலை. செய்ய வேண்டியதோ சற்றே தளர்த்துவது.

அறுந்த நுனியை எடுத்து வைத்திருக்கிறீர்களா? பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவிப் போயிருக்கிறது. அடுத்த முறை இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். கத்தரித்தது போல இருந்தால் கொடுவாயின் செவுள் மூடிதான் குற்றவாளி. அதன் விளிம்பு சவரக் கத்தி போன்றது என்பது மீனைக் கழுவும்போது விரலைக் கீறிக்கொண்டவர்களுக்குத் தெரியும். தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 கிலோ தாங்கும் தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டுங்கள்.

பிடோக் படகுத்துறையில் இரவு மீன்பிடிக்கப் போவேன். சென்ற மாதம் நைலானை எடுத்துவிட்டுப் பின்னல் நரம்பு சுற்றினேன். அதன்பின் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீன் இழுத்தால் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. டிராக் வாஷர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், சிங்கப்பூர்

வாஷருக்குக் காசு கொடுக்கும் முன், ஸ்பூலை ஒரு கையால் அசையாமல் இறுகப் பற்றிக்கொண்டு மறுகையால் நரம்பை இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் நிற்கும்போதே நரம்பு வந்தால், டிராக்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சுற்றிய நரம்பு மொத்தமும் ஒரு வளையம் போல ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழல்கிறது என்று பொருள். பின்னல் நரம்பு பாலித்தீன் இழைகளால் ஆனது, வழவழப்பானது, நைலானைப் போல நீண்டு கொடுத்து இறுகாது. ஆகவே, வெறும் உலோகத்தின் மேல் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் உருவிவிட்டு, முதலில் 5 மீட்டர் அளவுக்கு நைலான் நரம்பைச் சுற்றி அதனோடு பின்னல் நரம்பை முடிந்துகொள்ளுங்கள். பிறகு ஈரத் துணிக்குள் நரம்பைப் பிடித்து, விறைப்பு குறையாமல் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து, வீசும்போது கொத்தாகக் கிளம்பும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். வீசி முடித்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பெய்ல் கம்பியை மூடாமல், கையாலேயே மூடும் பழக்கம் இருந்தால் முறுக்கும் பாதி குறையும்.

கண்மாயில் விரால், விடுமுறையில் ராமநாதபுரம் கடற்கரை. இரண்டுக்கும் ஒரே கம்பு வாங்க நினைக்கிறேன். பேருந்தில்தான் போக வேண்டும். எதை வாங்கலாம்?
– வாசகர், மதுரை

இரண்டுக்கும் பொருந்தும் கம்பு என்று எதையாவது யாராவது விற்றால், அது இரண்டுக்கும் அரைகுறையாகவே பொருந்தும். தாமரையும் பாசியும் மண்டிய கண்மாயில் ரப்பர்த் தவளையை இலைமேல் இழுத்து, விரால் கவ்வியதும் கொடிகளோடு சேர்த்து வெளியே உருவ வேண்டும். அதற்கு 7 அடிக்கு மேற்படாத விறைப்பான கம்பும் தடித்த பின்னல் நரம்பும் தேவை. கடற்கரையிலோ 80, 100 கிராம் ஈயத்தை அலைக்கு அப்பால் எறிய 11, 12 அடிக் கம்பு வேண்டும். எதற்கு அடிக்கடி போவீர்களோ, அதற்கு வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், 8 அடியில், 15 முதல் 40 கிராம் வரை வீசலாம் என்று அச்சிட்ட கம்பும் 4000 அளவு ரீலும் எடுத்து, கடற்கரையில் தூரத்துக்கு ஆசைப்படாமல் பாறையோரமாக வீசலாம். அந்த 40 கிராமைத் தாண்டி ஈயம் கட்டி வேகமாக வீசியதில் கம்பை முறித்தவர்கள் ஏராளம்.

மடக்குக் குழாய் போல ஒன்றுக்குள் ஒன்று போகும் கம்பு பேருந்துக்கு வசதிதான். ஆனால், கடற்கரை மணல் இரண்டு துகள் உள்ளே போனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சுவரை அராவும். இரண்டு துண்டுக் கம்பை வாங்கி, பிளம்பிங் கடையில் பிவிசி குழாய் ஒன்றை அளவுக்கு வெட்டி உறையாக்கிக்கொள்வது என் விருப்பம். முழுக் கார்பன் கம்பு எடை குறைந்தது, கொத்துவதை உடனே கைக்குச் சொல்லும். ஆனால், பாறையில் ஒருமுறை மோதிய கீறலிலிருந்து வேறொரு நாள் முறியும். கண்ணாடி இழை கலந்தது கொஞ்சம் கனம் என்றாலும் அடி தாங்கும் என்பதால் முதல் கம்புக்கு அதையே சொல்வேன்.

கடையில் கம்பின் மேல் நரம்பு செல்லும் ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்தையும் பஞ்சால் சுற்றித் துடையுங்கள். இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அது நரம்பைச் சீவிக்கொண்டே இருக்கும். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். கண்மாய்க் கரைகளில் தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடங்கள் உண்டு. அங்கே வீசவும் கூடாது, இடி கேட்டபின் கம்பை ஏந்தி நிற்கவும் கூடாது.

இரண்டு துண்டுக் கம்பு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மட்டக்களப்பு

குறடு வைத்துத் திருகாதீர்கள். வளையங்களைப் பிடித்தும் இழுக்காதீர்கள். சற்றே குனிந்து கம்பை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, முழங்கால்களுக்கு வெளிப்புறமாகக் கம்பை இருகைகளாலும் பற்றிக்கொண்டு, கால்களை மெல்ல அகட்டுங்கள். தோளைவிடத் தொடைக்குப் பலம் அதிகம், இழுவையும் நேராக இருக்கும். கழன்றபின் பொருத்துமிடத்தைத் துடைத்து, மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள்.

5ஆம் எண் முள்ளைவிட 10ஆம் எண் சிறியதாக இருக்கிறது. 5/0 மட்டும் பெரிதாக இருக்கிறது. இது என்ன கணக்கு?
– வாசகர், நாகப்பட்டினம்

1ஆம் எண்ணை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் ஏற ஏற முள் சிறுக்கும். பக்கத்தில் சுழியம் சேர்ந்துவிட்டால் 1/0, 2/0, 5/0 என்று பெருத்துக்கொண்டே போகும். ஆயினும், ஒரு நிறுவனத்தின் 2/0 மற்றொன்றின் 2/0 அல்ல. 1877 முதல் முள் செய்துவரும் நார்வே நாட்டு முஸ்டாட் பெட்டியைக் கேட்டு வாங்குகிறவர்கள், வேறு பெயருக்கு மாறும்போது பழைய முள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. எண் எதுவானாலும், கட்டும் முன் கட்டைவிரல் நகத்தின் மேல் முள்ளின் நுனியை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகத்தில் கொத்தி நின்றால் கட்டலாம். வழுக்கிக்கொண்டு போனால் அரத்தால் தீட்டுங்கள், அல்லது கடற்கரை மணலில் எறியாமல் ஒரு தகர டப்பியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். அந்த மணலில் வெறுங்காலோடு வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.