ஏப்ரல் போனால் எத்தனை ஆட்டம்?

மதிப்புக்குரிய ஐயா,

வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் அணி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ம் தேதியோடு முடிகிறது. மறுநாளே கதவடைப்பு வரலாம் என்று எங்கள் நண்பர்களுக்குள் இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் ஆட்டங்கள் போனால் ஞாயிறுதோறும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்து, ஓர் அணி ஒரு சீசனில் ஆடும் 162 ஆட்டத்தையும் முடித்துவிடலாம் என்கிறார் ஒருவர். 162 என்பதே அதிகம், இதைச் சாக்காக வைத்துப் பழையபடி 154-க்குப் போய்விட வேண்டும் என்கிறார் இன்னொருவர். என் கவலை வேறு. ஆட்டங்கள் குறைந்த சீசனில் ஜெயிக்கிற அணியை முழுச் சாம்பியன் என்று சொல்ல முடியுமா? 2020-ல் 60 ஆட்டத்தோடு முடிந்த சீசனை எங்களில் பலர் இன்றும் கணக்கில் சேர்ப்பதில்லை. எதுவரை குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கவலைக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 162 ஆட்டம் ஆடினால், அதிர்ஷ்டம் மட்டுமே அதன் வெற்றிக் கணக்கை 81-லிருந்து மேலேயோ கீழேயோ சுமார் 6 ஆட்டம் நகர்த்திவிடும். வெற்றி விகிதத்தில் சொன்னால் அந்த விலக்கம் .039. 154 ஆட்டத்தில் அது .040, 144 ஆட்டத்தில் .042. அதாவது 18 ஆட்டத்தை எடுத்துவிட்டாலும் அணிகளின் தரவரிசைப் பட்டியலின் நம்பகத்தன்மையில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. 100 ஆட்டத்தில் .050. 60 ஆட்டத்துக்கு வரும்போது .065 ஆகிவிடுகிறது, அங்கே நடுத்தர அணியும் நல்ல அணியும் கலந்துவிடுகின்றன. 2020 பற்றி உங்கள் நண்பர்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானது. ஆனால் அதே தயக்கத்தை 144 ஆட்ட சீசன் மீது காட்டினால் அது நியாயமில்லை.

ஒரு சீசனைக் கெடுப்பது எத்தனை ஆட்டம் குறைந்தது என்பதைவிட எப்படிக் குறைத்தார்கள் என்பதுதான். இரண்டு பழைய சீசன்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

1972 ஏப்ரல் 1 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், 13-ம் தேதி முடிந்தது. அதற்குள் 86 ஆட்டங்கள் போயிருந்தன. அவற்றைப் பிறகு ஆடினால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும், உரிமையாளர்கள் அதற்கு உடன்படவில்லை. எனவே போனது போனதாக விட்டார்கள். அட்டவணையில் அந்த நாட்களில் யாருக்கு எத்தனை ஆட்டம் இருந்ததோ அத்தனை போயிற்று. சில அணிகள் 153 ஆட்டம் ஆடின, சில 156. மேஜர் லீகில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றுக்குள்ளும் பிரிவுகள். அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் டெட்ராய்ட் டைகர்ஸ் 86 வெற்றி, 70 தோல்வி. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 85 வெற்றி, 70 தோல்வி. ஒரு வெற்றி மட்டும் கூடுதல் என்றால் அது கணக்கில் அரை ஆட்டம். அந்த அரை ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட் பிளே ஆஃபுக்கு, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகளுக்குப் போனது. பாஸ்டனுக்கு அந்த ஓர் ஆட்டம் ஆடக் கிடைக்கவே இல்லை.

1981 இதைவிட மோசம். ஜூன் 12 முதல் ஜூலை 31 வரை வேலைநிறுத்தம், 700-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்து. திரும்பி வந்ததும் சீசனை இரண்டு பாதியாக வெட்டினார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன் முதலிடத்தில் இருந்த அணிகள் முதல் பாதி வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டன, பாதி வெற்றியாளர்களுக்கே பிளே ஆஃப். சின்சினாட்டி ரெட்ஸ் அந்த ஆண்டு 66 வெற்றி, 42 தோல்வி. அமெரிக்கன், நேஷனல் இரண்டு லீகிலும் சேர்த்து அதுதான் முதல். ஆனால் தன் பிரிவில் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அரை ஆட்டம் பின்னால், இரண்டாம் பாதியில் ஹூஸ்டனுக்கு ஒன்றரை ஆட்டம் பின்னால். பிளே ஆஃப் இல்லை. நேஷனல் லீக் கிழக்கில் மொத்தக் கணக்கில் முதலிடம் பிடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் இதே கதி. மொத்தமாகப் பார்த்தால் 50 வெற்றி, 53 தோல்வி என்று இருந்த கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் உள்ளே போனது. முதல் பாதியை வென்றுவிட்ட அணிகளுக்கு இரண்டாம் பாதியில் ஜெயித்தாக வேண்டிய அவசியமும் இல்லை. ரெட்ஸ் ரசிகர்கள் இதை இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இவற்றோடு 1995-ஐ ஒப்பிடுங்கள். 1994 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் அந்த ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸையே விழுங்கிவிட்டது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் மார்ச் 31 அன்று உரிமையாளர்களுக்கு எதிராகப் பிறப்பித்த தடையுத்தரவுக்குப் பிறகுதான் வீரர்கள் திரும்பினார்கள். பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லா அணிகளுக்கும் 144 என்று புதிதாக வரைந்தார்கள். ஏப்ரல் 25-ல் தொடக்கம். அமெரிக்கன் லீக் மேற்கில் சியாட்டலும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸும் சமமாக முடிந்தபோது தனியாக ஓர் ஆட்டம் வைத்து முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

இனி ஞாயிறு இரட்டை ஆட்ட யோசனை. 162 ஆட்டம் சுமார் 187 நாளில் நடக்கிறது. மீதி 25 நாள். அதில் நான்கு நாள் நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்கான ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் போகும். மிச்சமிருக்கும் 21 நாளில் பல, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கும் நாட்கள். தொடர்ந்து 20 நாளுக்கு மேல் ஓய்வில்லாமல் ஆட்டம் வைக்கக் கூடாது என்ற விதியும் ஒப்பந்தத்தில் உண்டு. மூன்று வாரம் தாமதமானால் ஓர் அணிக்குப் போவது 18 முதல் 20 ஆட்டம். மிச்சம் 23 வாரம். ஆக கிட்டத்தட்ட வாரத்துக்கு ஓர் இரட்டை ஆட்டம் வேண்டும். மழையால் தள்ளிப்போகும் ஆட்டங்களும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

முதலில் உடைவது பந்து வீசும் பிட்சர்கள். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வீசுகிறார்கள், ஒருவர் வீசியபின் நான்கு நாளாவது ஓய்வு வேண்டும். ஒரே நாளில் இருவர் போய்விட்டால் அந்த வாரம் ஆறாவது ஆள் தேவை. அணியின் 26 பேரில் பிட்சர்கள் 13-க்கு மேல் இருக்கக் கூடாது. இரட்டை ஆட்ட நாளில் 27-வதாக ஒருவரைச் சேர்க்கலாம், ஆனால் அது அன்றைக்கு மட்டும். மறுநாள் புல்பென், அதாவது இடையில் வந்து வீசும் மாற்று பிட்சர்களின் வரிசை, காலியாக இருக்கும். பல தொடர்கள் ஞாயிறோடுதான் முடிகின்றன, அன்றிரவே அணி அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். பயிற்சி முகாமும் சுருங்கிப்போன ஆண்டில் இந்தச் சுமையை ஏற்றினால் முழங்கைகள்தான் விலை கொடுக்கும். 2020-ல் இரட்டை ஆட்டம் ஒவ்வொன்றையும் வழக்கமான ஒன்பதிலிருந்து ஏழு இன்னிங்ஸாகக் குறைத்ததற்குக் காரணம் இதுதான். கார்டினல்ஸ் அணி நோய்த்தொற்றால் இரண்டு வாரத்துக்கு மேல் முடங்கி, பிறகு இரட்டை ஆட்டங்களாக அடுக்கி ஆடியும் 58 ஆட்டத்தைத்தான் எட்ட முடிந்தது.

அப்படியானால் எவ்வளவு தாமதத்தைச் சரிக்கட்ட முடியும்? 2022 ஒரு நல்ல அளவுகோல். 2021 டிசம்பர் 2-ல் தொடங்கிய கதவடைப்பு 99 நாள் நீடித்து மார்ச் 10-ல் முடிந்தது. தொடக்க நாள் மார்ச் 31-லிருந்து ஏப்ரல் 7-க்குத் தள்ளியது. போன ஒரு வாரத்தை, சீசனின் கடைசியில் மூன்று நாள் சேர்த்தும், சில ஓய்வு நாட்களை எடுத்துக்கொண்டும், ஆங்காங்கே இரட்டை ஆட்டம் வைத்தும் 162-க்குள் அடக்கினார்கள். முகாம் நான்கு வாரம்கூட இல்லை என்பதால் மே தொடக்கம் வரை 28 பேர் கொண்ட அணியை அனுமதித்தார்கள். அந்த வேர்ல்ட் சீரீஸ் நவம்பர் 5-ல் முடிந்தது. அதற்கு மேல் பின்னால் தள்ள இடமில்லை, வட நகரங்களில் நவம்பர் இரவு பந்தாட ஏற்றதில்லை. என் கணிப்பில் ஒரு வாரத் தாமதம் எளிது, இரண்டு வாரம் கடினம், மூன்று வாரம் என்றால் 162-ஐ மறந்துவிட வேண்டும்.

மறந்துவிட்டு என்ன செய்வது? 2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆடுகிறது. தன் பிரிவில் உள்ள நான்கு அணிகளோடு 13 முறை, ஆக 52. எதிர் லீகில் தன் நிரந்தர எதிரியைத் தவிர மற்ற 14 அணிகளோடு தலா ஒரு மூன்று ஆட்டத் தொடர் மட்டும். ஆண்டுக்கு ஒரே முறை வரும் அணியின் தொடர் ஏப்ரலில் ரத்தானால் அதை வேறெங்கும் செருக முடியாது. எனவே வெட்டுவதானால் எதிர் லீகில் ஒரு பிரிவை முழுதாக வெட்டலாம் என்பது என் யோசனை. அமெரிக்கன் லீக் கிழக்கும் நேஷனல் லீக் மத்தியும், அமெரிக்கன் மத்தியும் நேஷனல் மேற்கும், அமெரிக்கன் மேற்கும் நேஷனல் கிழக்கும் அந்த ஆண்டு மோத வேண்டாம். ஒவ்வோர் அணிக்கும் சரியாக 15 ஆட்டம் குறைந்து 147 ஆகும். ஒரே பிரிவில் போட்டியிடும் ஐந்து அணிகளும் ஒரே எதிரிகளைத்தான் இழக்கின்றன. யாங்கீஸ்–மெட்ஸ், கப்ஸ்–ஒயிட் சாக்ஸ் போன்ற மோதல்களுக்கும் சேதமில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து தொடரில் சிலருக்கு இரண்டு சொந்த மைதானத்தில் இருக்கும், சிலருக்கு மூன்று. அதனால் ஒருவர் 6 உள்ளூர் ஆட்டத்தையும் இன்னொருவர் 9 ஆட்டத்தையும் இழப்பார். அந்த டிக்கெட் வருமானத்தைப் பொதுவில் பகிர்ந்தால்தான் உரிமையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். மேலும் காலியாகும் நாட்கள் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஓர் அணி காலியாக இருக்கும் நாளில் அதன் பிரிவு எதிரி வேறெங்கோ ஆடிக்கொண்டிருக்கும். பழைய அட்டவணையை ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. தொடக்கத்திலிருந்து மறுபடி போட வேண்டும், மாற்று அட்டவணை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

154 கேட்கும் நண்பருக்கு. அந்த எண் எட்டு அணி லீகின் கணக்கு, ஏழு எதிரிகளோடு 22 முறை. 1961-ல் அமெரிக்கன் லீக் பத்து அணியானதும் ஒன்பது எதிரிகளோடு 18 முறை, 162. அடுத்த ஆண்டு நேஷனல் லீகும் சேர்ந்துகொண்டது. இன்று 30 அணிகள், இரண்டு எண்ணுக்கும் அந்த அடிப்படை இல்லை. விளையாட்டுக்காக மட்டும் என்றால் 154-ஐ நானும் மனதார வரவேற்பேன், பிட்சர்களுக்கு எட்டு நாள் மூச்சு கிடைக்கும். ஆனால் மொத்த ஆட்டம் 2,430-லிருந்து 2,310 ஆகும், ஒவ்வோர் அணிக்கும் நான்கு உள்ளூர் நாள் போகும். அந்த ஐந்து சதவீதத்தை யார் ஏற்பது? சம்பளத்தைக் குறைக்க வீரர்கள் சம்மதிக்க மாட்டார்கள், குறைந்த ஆட்டத்துக்கு முழுச் சம்பளம் தர உரிமையாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள். 2020-ல் வீரர்கள் 114 ஆட்டம் கேட்டதும் உரிமையாளர்கள் 82-லிருந்து இறங்கிக்கொண்டே போனதும் இதனால்தான். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் நிற்கும்போது ஆட்ட எண்ணிக்கையே சம்பளப் பேச்சாகிவிடுகிறது.

ஏப்ரலைப் பலி கொடுக்க உரிமையாளர்கள் ஏன் தயங்குவதில்லை என்பதையும் இங்கேயே பார்க்கலாம். குளிர், பள்ளி நாட்கள், பாதி காலியான இருக்கைகள்: அவர்களுக்கு ஆண்டிலேயே வருமானம் குறைந்த மாதம் அது. வீரருக்கு ஏப்ரல் நாளும் ஜூலை நாளும் ஒரே சம்பளம். உரிமையாளர்களின் பெரும் தொலைக்காட்சிப் பணம் அக்டோபர் பிளே ஆஃபில் வருகிறது, அதனால்தான் 1994-ல் வீரர்கள் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021-ல் கதவடைப்பு குளிர்காலத்திலும் 1994-ல் வேலைநிறுத்தம் கோடையின் கடைசியிலும் வந்தது தற்செயலல்ல.

இளம் வீரர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 172 நாள் அணியில் இருந்தால்தான் ஓர் ஆண்டு சேவை, ஆறு ஆண்டு சேர்ந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. 2015-ல் கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 171 நாளில் நின்றதால் ஓராண்டு கூடுதலாகக் காத்திருந்தார். மூன்று வாரம் போன சீசனில் 172-ஐ யாருமே எட்ட முடியாது. சேவை நாட்களை விகிதப்படி கணக்கிடுவோம் என்று எழுத்தில் வராதவரை வீரர் சங்கம் குறைந்த சீசனுக்குக் கையெழுத்திடாது, இடவும் கூடாது.

ஆகவே நண்பர்களோடு வாதிடும்போது புதிய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிவாகிறது என்று பாருங்கள். சீசன் மார்ச் கடைசி வாரத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரி இறுதிக்குள் முடிவானால் எதுவும் போகாது. மார்ச் 10-ஐ ஒட்டி என்றால் 2022 போல 162 சாத்தியம். மார்ச் கடைசி வரை இழுத்தால் நான்கு வார முகாமுக்குப் பிறகு ஏப்ரல் இறுதிதான். அப்போது 140-களில் ஓர் எண்ணை, எல்லா அணிகளுக்கும் ஒரே எண்ணாகக் கேளுங்கள்.

அன்புடன்.